மறைநூல்கள் கடவுளுக்குச் சான்றாகுமா?

கேள்வி இது: வேதமும் விவிலியமும் குர்ஆனும் கடவுள் இருக்கிறார் என்று சொல்கின்றன. கோடிக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாக அவற்றை ஏற்று வாழ்ந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, அந்த நூல்களையே கடவுள் இருப்பதற்குச் சான்றாக ஏன் கொள்ளக்கூடாது?

நேரடிச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதே பதில். இதை நாத்திகர்களின் பதில் என்று நினைக்க வேண்டாம். கடவுளை நிறுவுவதற்கென்றே நூல் எழுதிய ஆத்திகத் தத்துவவாதிகளில் பலர் சொன்னதும் இதுதான். ஆனால் ‘முடியாது’ என்று சொல்லி நிறுத்தினால் பதில் பாதியில் நின்றுவிடும். ஒரு நூலை இரண்டு விதமாகச் சான்றாக்கலாம். நூல் என்ன சொல்கிறதோ அதைச் சாட்சியின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது ஒன்று. உள்ளடக்கத்தை நம்பச் சொல்லாமல், ‘இப்படிப்பட்ட நூல் மனித முயற்சியால் மட்டும் உண்டாகியிருக்குமா?’ என்று கேட்டு நூலையே தடயமாக வைப்பது இன்னொன்று. நம் மரபின் சொல்லில் முன்னது உரை அளவை, பின்னது கருதல் அளவை (அளவை என்றால் அறியும் வழி, கருதல் என்றால் ஊகித்து அறிதல்). விவாதங்களில் இரண்டும் கலந்துவிடுகின்றன. ஒன்றில் அடி விழுந்ததும் மற்றதற்குத் தாவிவிடுகிறார்கள். எனவே தனித்தனியாகவே பார்ப்போம்.

முதல் வழியில் உள்ள சிக்கல் வெளிப்படையானது. ‘கடவுள் இருக்கிறார், ஏனென்றால் மறைநூல் சொல்கிறது, மறைநூல் பொய்க்காது, ஏனென்றால் அது கடவுளின் வாக்கு.’ இரண்டில் ஒன்றாவது மற்றதன் துணையில்லாமல் நின்றால்தான் இந்த வாதம் நகரும். இந்தியத் தர்க்க மரபான நியாயத்தின் நூலார் இதை அந்யோந்நியாசிரயம் என்பார்கள்: ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும் குற்றம். பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே டெகார்ட் 1641-இல் வெளியிட்ட தம் ‘தியானங்கள்’ நூலைப் பாரிஸ் இறையியல் அறிஞர்களுக்குக் காணிக்கையாக்கிய கடிதத்தில் இதை மறைக்காமல் எழுதினார். நம்பிக்கையுள்ளவர்களுக்கு இந்த வட்டம் பொருந்தலாம். நம்பாதவர்களிடம் இதை நீட்டினால் வட்டத்தில் சுற்றுகிறீர்கள் என்பார்கள். ஆகவே பகுத்தறிவால்தான் நிறுவ வேண்டும் என்பது அவர் வாதம். அவர் கத்தோலிக்கர், எழுதியதும் கடவுளுக்கு ஆதரவாகத்தான்.

அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு முன்பே கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் முதல் கேள்வியிலேயே இந்த எல்லையை வகுத்துவிட்டார். மறைநூலில் ஏதேனும் ஒரு பகுதியை ஏற்பவனிடம் அதை வைத்து மற்றதை வாதிடலாம். எதையுமே ஏற்காதவனிடம் அவன் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு விடை சொல்லலாமே தவிர, மறைநூலால் எதையும் நிறுவ முடியாது. அடுத்த கேள்வியில் அவர் தரும் புகழ்பெற்ற ஐந்து வழிகளும் உலகில் காணும் இயக்கம், காரணம், ஒழுங்கு போன்றவற்றிலிருந்துதான் புறப்படுகின்றன. விவிலியத்தின் யாத்திராகமத்திலிருந்து வசனம் ஒன்றை அவர் மேற்கோள் காட்டுவது உண்மை; ஆனால் ஐந்து வழிகளில் ஒன்றும் அந்த வசனத்தின்மேல் நிற்கவில்லை.

கலாம் எனப்படும் இஸ்லாமிய இறையியல் வாத மரபிலும் வரிசை இதுவே. உலகம் தோன்றியது என்று முதலில் காட்டுவார்கள். தோன்றியதற்குத் தோற்றுவித்தவன் வேண்டும். அவன் தூதரை அனுப்ப வல்லவன். தூதரின் வாய்மைக்கு அற்புதம் அடையாளம். அதற்குப் பிறகே வேதத்தின் அதிகாரம். பகுத்தறிவுக்கு முதலிடம் தந்த முஃதஸிலாப் பள்ளியினர் இதை வெளிப்படையான விதியாகவே வைத்தார்கள். பல விஷயங்களில் அவர்களோடு மோதிய அஷ்அரிப் பள்ளி அறிஞர்களின் கலாம் நூல்களும் இந்த வரிசையை மாற்றவில்லை.

சைவ சித்தாந்தத்தைப் பாருங்கள். சிவன் அருளியதாகக் கொள்ளும் ஆகம நூல்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் மரபு அது. ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தைத் தொடங்குவது ‘அவன் அவள் அது எனும் அவை’ என்று உலகத்தைச் சுட்டிக்காட்டித்தான். தோன்றி, நின்று, ஒடுங்கும் பொருளுக்கு ஒரு முதல் வேண்டும் என்பது அங்குள்ள வாதம். ஆகமம் சொல்கிறது, ஆகவே ஏற்றுக்கொள் என்பதல்ல. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளைப் பத்து வரை எண்ணி, அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். உரைக்கு அங்கே இடம் உண்டு. கடவுள் உண்டா என்ற முதல் கேள்வியில் பளுவைத் தூக்குவது மட்டும் கருதல்.

ஆத்திகர் எல்லோரும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. நேர் எதிராக நின்ற பெரியவர் ராமானுஜர். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யத்தில் அவர் எழுதிய உரை, அனுமானத்தால் கடவுளை நிறுவ முடியும் என்ற நியாய மரபின் நம்பிக்கையைப் பிரித்துப் போடுகிறது. குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல உலகத்துக்கு ஒரு கர்த்தா என்றால், குயவனுக்கு உடல் இருக்கிறதே? பெரிய மாளிகையைப் பலர் சேர்ந்தல்லவா கட்டுகிறார்கள், உலகத்தை ஒருவன்தான் செய்தான் என்று எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே நேரத்தில் செய்யப்பட்டதா? இப்படிக் கேட்டு, பிரம்மத்தை அறியச் சாஸ்திரம் ஒன்றே வழி என்று முடிக்கிறார். இன்றைய நாத்திகர் பலர் வைக்கும் கேள்விகளை, அவர்களைவிடக் கூர்மையாக, ஒரு வைணவ ஆசாரியர் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டி வைத்திருக்கிறார் என்பதே படிப்பவருக்குச் சுவையான செய்தி.

அப்படியானால் சாஸ்திரத்தை ஏன் ஏற்க வேண்டும்? ‘கடவுள் சொன்னதால்’ என்றால் மறுபடி வட்டம். இங்கே அவருக்குத் துணை வருவது, வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் பள்ளியான மீமாம்சை. அறிவு எதுவானாலும் தன்னளவிலேயே மெய்யாகச் செல்லும். பொய் என்று பின்னால் தெரியவந்தால்தான் விலக்க வேண்டும் என்பது அவர்களின் சுதப் பிராமாண்யக் கொள்கை. வாக்கியம் ஒன்று பொய்யாவது சொன்னவனின் குறையால். வேதத்தைச் சொன்னவன் என்று யாருமே இல்லை, அது அபௌருஷேயம், ஆகவே குறை வர வழியே இல்லை. வட்டம் அறுந்துவிட்டது. ஆனால் என்ன விலைக்கு? 7-ஆம் நூற்றாண்டில் மீமாம்சை ஆசிரியர் குமாரிலர் இந்தக் கொள்கையை முழு வலிமையோடு நிறுத்தியபோது, உலகைப் படைத்த கடவுள் ஒருவர் இருக்கிறார் என்பதையே மறுத்தார். வேதம் யாராலும் இயற்றப்படாதது என்றால் அதற்குக் கடவுள் தேவையில்லை. வேதத்தின் அதிகாரத்தை உச்சத்தில் வைத்த பள்ளி, படைப்புக் கடவுளை நிராகரித்த பள்ளியாகவும் இருந்தது! மறைநூலின் அதிகாரத்தை ஏற்றாலே கடவுள் வந்துவிடுவார் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு செய்தியைக் கொஞ்சம் அசைபோடலாம்.

ஐரோப்பாவில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் இதற்கு ஒப்பான ஒரு நிலையை எடுத்தார். மறைநூல் தன்னைத் தானே சான்றளித்துக்கொள்கிறது, தூய ஆவி உள்ளத்தில் அதை உறுதிசெய்கிறது, வெளிச் சான்று தேவையில்லை என்றார். நம் காலத்தில் அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா இதைச் செம்மைப்படுத்தினார். கடவுள் உண்மையில் இருந்து, அவரே அந்த நம்பிக்கையை உண்டாக்கினால், வாதம் எதுவும் இல்லாமலேயே அது முறையான அறிவாகலாம் என்பது அவர் நிலை. இதில் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் அந்த ‘உண்மையில் இருந்து’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். நம்புபவர் தம் நம்பிக்கைக்கு உரிமை கோர இது போதும். அடுத்தவருக்குச் சான்றாக நீட்ட உதவாது. இதே வாசல் வழியாக வேறொரு மறைநூலைக் கையில் பிடித்தவரும் உள்ளே வரலாம். அவரைத் தடுக்க இந்தக் கொள்கையில் காவலாளி இல்லை.

வட்டத்தில் சிக்காமலும் கதவை அகலத் திறந்துவிடாமலும் போக முயன்றவர்கள் பழைய நியாய நூலார். அவர்களுடைய முயற்சி எனக்கு எல்லாவற்றிலும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது. ஆப்தனின் சொல்லே சப்தப் பிரமாணம் (சொல்லால் வரும் சான்று) என்கிறது நியாய சூத்திரம். ஆப்தன் யார்? பொருளை நேரில் அறிந்தவன். அறிந்தபடியே சொல்ல விரும்புபவன். உரைகாரர் வாத்ஸ்யாயனர், இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்கிறார். குலமோ பட்டமோ கணக்கில் இல்லை. எந்தச் சாட்சியையும் இந்த உரைகல்லில் தேய்க்கலாம்.

அடுத்து அவர்களே தம் வேதத்துக்கு எதிராகக் கடுமையான ஆட்சேபத்தை எழுப்புகிறார்கள். வேதம் பிரமாணம் அல்ல, ஏனென்றால் பொய், முரண், கூறியது கூறல் ஆகிய மூன்று குற்றங்களும் அதில் உள்ளன. பொய்க்கு எடுத்துக்காட்டு புத்திர காமேஷ்டி: வேள்வி செய்தும் பிள்ளை பிறக்கவில்லையே! விடை: செய்தவனிலோ செயலிலோ கருவியிலோ குறை இருந்திருக்கும். இந்த விடை எனக்குத் திருப்தி தரவில்லை. பலித்தால் வேதம் மெய், பலிக்காவிட்டால் செய்தவன் தவறு என்றால், எந்த விளைவும் அந்தக் கூற்றைப் பொய்யாக்க முடியாது. பொய்யாக முடியாத கூற்றுக்குப் பலித்த விளைவும் சான்றாகாது. பிரார்த்தனை, பரிகாரம், நேர்ச்சை என எதற்கும் இதே கணக்குத்தான். பலிக்காதவற்றையும் எண்ணினால்தான் பலித்தவற்றுக்கு எடை உண்டு.

ஆனால் அதே இயலின் இறுதியில் வரும் வாதம் இன்னும் வலுவானது. மருத்துவ நூல் சொல்வதைச் செய்தால் நோய் தீர்கிறது. அதைச் சொன்னவர்கள் நம்பத்தக்கவர்கள் என்று தெரிகிறது. அப்படியே வேதத்தில் சோதிக்க முடிந்த பகுதியைக் கொண்டு சோதிக்க முடியாத பகுதியையும் நம்பலாம். இன்று ‘இந்த நூலில் வரலாறும் அறிவியலும் சரியாக இருக்கின்றன, ஆகவே கடவுளைப் பற்றிச் சொன்னதும் சரி’ என்று கேட்கிறோமே, அதன் மூல வடிவம் இது. எங்கே ஓட்டை? ஒரு துறையில் நம்பத்தக்கவர் இன்னொரு துறையிலும் அப்படியே என்பதற்கு, இரண்டு துறைகளையும் அறியும் வழி ஒன்றாக இருக்க வேண்டும். ஊரின் பெயரையும் அரசனின் பெயரையும் சரியாக எழுத, அக்காலத்தில் அங்கே வாழ்ந்திருந்தால் போதும். உலகம் எப்படிப் படைக்கப்பட்டது என்று அறிய அது போதாது.

இந்த ஓட்டை நன்றாகத் தெரியும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1868-இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது பாரிஸின் லூவ்ரில் உள்ள மேசா கல்வெட்டு, கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மோவாப் அரசன் மேசா அதில் தன் போரைச் சொல்கிறான். இஸ்ரவேல் அரசன் ஒம்ரி மோவாபை ஒடுக்கியதற்குக் காரணம் தன் தெய்வம் கேமோஷ் தன் நாட்டின்மேல் கோபம் கொண்டது. பிறகு வென்றதும் கேமோஷின் அருளால். விவிலியத்தின் 2 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்திலும் இதே மேசா வருகிறான். அங்கே போரை நடத்துவது இஸ்ரவேலின் கடவுள். அரசர்கள், நாடுகள், பகை எல்லாம் இரண்டிலும் பொருந்துகின்றன. அகழாய்வு விவிலியத்தை உறுதிசெய்கிறது என்று சொல்பவர், அதே மூச்சில் கேமோஷையும் ஏற்க வேண்டியிருக்கும். நிகழ்ச்சி உறுதியாகலாம், நிகழ்ச்சிக்குப் பின்னால் எந்தத் தெய்வம் என்பது கல்லில் தெரியாது.

கோடிக்கணக்கானோர் ஏற்றார்கள் என்பதும் சாட்சியத்தின் கீழ்தான் வரும். இங்கே எண்ணவேண்டியது நம்பியவர்களை அல்ல, ஒருவரிடமிருந்து ஒருவர் கேளாமல் தாமே கண்டவர்களை. மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றும் மூன்று சாட்சிகள்போலத் தோன்றும். ஆனால் மாற்கில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம் மத்தேயுவில் இருக்கிறது, பல இடங்களில் சொல்லுக்குச் சொல். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. யூதத் தத்துவக் கவிஞர் யூதா ஹலேவி 1140-ஐ ஒட்டி எழுதிய குஸாரி நூலில் இதற்குச் சாதுரியமான ஒரு பதில் வைத்தார்: சீனாய் மலையில் கடவுள் பேசியதை ஒருவரோ இருவரோ அல்ல, ஆறு லட்சம் பேர் கேட்டார்கள், இத்தனை பேரைப் பொய்யாகப் புனைய முடியாது. வாதம் அழகானது. ஆனால் நம் கையில் இருப்பது ஆறு லட்சம் வாக்குமூலங்கள் அல்ல. ஆறு லட்சம் பேர் இருந்தார்கள் என்று சொல்லும் ஒரே நூல்.

சரி, நூலையே தடயமாகக் கொள்ளும் இரண்டாம் வழிக்கு வருவோம். இங்கே வட்டக் குற்றம் இல்லை. கடவுள் வாக்கு என்று முன்கூட்டியே ஏற்கச் சொல்லவில்லை. நூலில் கண்ணுக்குத் தெரியும் ஒரு தன்மையைக் காட்டி, இதற்கு மனித விளக்கம் போதாது என்கிறார்கள். இதை எடைபோட ஒரு கணக்கு உண்டு. கடவுள் அந்த நூலைத் தந்திருந்தால் இந்தத் தன்மை இருக்க எவ்வளவு வாய்ப்பு? மனிதரே எழுதியிருந்தால் எவ்வளவு வாய்ப்பு? இரண்டின் விகிதம்தான் தடயத்தின் எடை. ‘கடவுள் இருக்கிறார் என்று நூலில் எழுதியிருக்கிறது’ என்பதை இதில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிலையிலும் அப்படி எழுதப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. விகிதம் ஏறத்தாழ ஒன்று. எடை ஏறத்தாழப் பூஜ்யம். ஆகவே மனித நிலையில் அரிதாகவும் தெய்வ நிலையில் இயல்பாகவும் இருக்கும் தன்மையைத் தேட வேண்டும்.

மாறாமல் காக்கப்பட்டது என்பது அடிக்கடி வரும் ஒன்று. வேதத்தின் கன பாடத்தில் மூன்று சொற்களை 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று முன்னும் பின்னும் கோத்து ஓதுவார்கள். ஒரு சொல் தவறினாலும் அடுத்த அடுக்கில் பிடிபடும். சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகையில் 1947-இல் கிடைத்த, விவிலியத்தின் ஏசாயா நூலின் சுருள், அதுவரை கையில் இருந்த எபிரேயப் பிரதிகளைவிட ஏறத்தாழ 1000 ஆண்டு மூத்தது. சிறு வேறுபாடுகள் ஏராளம் இருந்தும் நூல் அதே நூல்தான். பர்மிங்ஹாமில் உள்ள குர்ஆன் ஏடுகளின் தோல், கார்பன் சோதனைப்படி கி.பி. 568 முதல் 645-க்கு உட்பட்டது. சோதனை காட்டுவது தோலின் வயதை, மையின் வயதை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூன்றுமே வியக்கத்தக்கவை. ஆனால் எப்படிக் காக்கப்பட்டன என்று நமக்குத் தெரிகிறது: பயிற்சி, நகலெடுப்போரின் கட்டுப்பாடு, சமூகத்தின் அக்கறை. முறை தெரிந்த பிறகு தெய்வத் தலையீட்டுக்கு எடை சேர்வதில்லை. மேலும் பிரதி பிழையற்றது என்பது, முதலில் சொல்லப்பட்டது உண்மை என்பதாகாது.

தீர்க்கதரிசனம் இதைவிடக் கனமான தடயம், ஏனென்றால் கொள்கையளவில் இது உண்மையிலேயே வேலை செய்யக்கூடியது. நூல் நிகழ்ச்சிக்கு முன்பே எழுதப்பட்டது என்று நூலுக்கு வெளியே ஆதாரம் வேண்டும். எது நடந்தால் பொய்யாகும் என்று முன்பே சொல்லக்கூடிய அளவுக்கு அது தெளிவாக இருக்க வேண்டும். படித்தவர்களே முனைந்து நிறைவேற்றிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. அதே நூலின் தவறிய கணிப்புகளையும் சேர்த்து எண்ண வேண்டும். பெரும்பாலும் முதல் நிபந்தனையிலேயே கணிப்பு விழுந்துவிடுகிறது. பவிஷ்ய புராணத்தின் ஒரு பகுதி ஆங்கிலேயர் ஆட்சியை முன்னறிவிக்கிறது. அப்பகுதி அவர்கள் வந்த பிறகு எழுதப்பட்டது. விவிலியத்தின் தானியேல் நூலைப் பற்றி 3-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத் தத்துவவாதி போர்ஃபிரி காட்டியது நேர்த்தியான முறை. யூதர்களை ஒடுக்கிய கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கஸின் காலம் வரை விவரங்கள் துல்லியம். அவன் மரணத்தில் பிசகிவிடுகிறது. எங்கே துல்லியம் நின்றுபோகிறதோ அங்கேதான் எழுதியவர் உட்கார்ந்திருந்தார். இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோரும் நூலை கி.மு. 160-களை ஒட்டியே வைக்கிறார்கள்.

விவிலியத்தின் எசேக்கியேல் 26-ஆம் அதிகாரம், பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் தீரு நகரத்தை அழித்துக் கொள்ளையிடுவான் என்கிறது. 29-ஆம் அதிகாரத்தில் அதே நூல், அவன் படைக்குத் தீருவில் கூலி கிடைக்கவில்லை, ஆகவே எகிப்து தரப்படும் என்கிறது. பின்னாளில் கி.மு. 332-இல் அலெக்சாண்டர் அதை அழித்ததால் கணிப்பு நிறைவேறிற்று என்பவர்கள் உண்டு. ஆனால் காலக்கெடு இல்லாமல், யார் அழித்தாலும் சரி என்று தளர்த்தினால் எந்த நகரத்துக்கும் அது பலிக்கும். வலுவான எடுத்துக்காட்டு என்று நான் கருதுவது குர்ஆனின் 30-ஆம் அத்தியாயத் தொடக்கம்: தோற்ற ரோமர் சில ஆண்டுகளில் வெல்வார்கள். 614-இல் பாரசீகரிடம் எருசலேமை இழந்தவர்கள், பேரரசர் ஹெராக்கிளியஸின் கீழ் 622-இல் திருப்பித் தாக்கத் தொடங்கி 627-இல் நினிவேயில் வென்றார்கள். கணிப்பு தெளிவானது, கெடுவும் உண்டு. எடை எவ்வளவு? இரண்டே தரப்புள்ள போர். பெரிய பேரரசு மீண்டெழுவது வரலாற்றில் நடப்பதுதான். துணிந்த ஊகம் ஐந்தில் ஒன்றோ பத்தில் ஒன்றோ பலிக்கும் என்று வைத்தால், இந்தத் தடயத்தின் எடை ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்ற அளவில் நிற்கும். அதுவும் வசனம் வெளிப்பட்ட ஆண்டை மரபு சொல்வதுபோல் ஏற்றுக்கொண்ட பிறகு. பூஜ்யம் அல்ல, கடவுள் இருப்பையே சுமக்கும் அளவும் அல்ல.

நூலில் அறிவியல் இருக்கிறது என்ற வாதத்தைப் பற்றி இவ்வளவு மரியாதையோடு பேச என்னால் முடியவில்லை. வாட்சப்பில் சுற்றும் ஒன்றை மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ரிக்வேதத்தின் சூரிய சூக்தத்துக்கு 14-ஆம் நூற்றாண்டில் சாயணர் எழுதிய உரையில், அரை நிமிஷத்தில் 2202 யோசனை கடப்பவன் என்று சூரியனைப் போற்றும் வரி ஒன்று வருகிறது (இங்கே நிமிஷம் என்பது கண் இமைக்கும் நேரம், இன்றைய 60 நொடி அல்ல; யோசனை என்பது பழைய தூர அளவு). இதை ஒளியின் வேகமாக, நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டராகக் காட்டுகிறார்கள். யோசனை 14.5 கிலோமீட்டர் என்றும், நாளுக்கு 4,05,000 நிமிஷம் என்றும் எடுத்தால் நொடிக்கு சுமார் 2,99,000 கிலோமீட்டர் வரும். யோசனை 8 கிலோமீட்டர் என்றால் 1,65,000. மனுஸ்மிருதியின் கணக்கில் நாளுக்கு 4,86,000 நிமிஷம், யோசனை 14.5 ஆகவே இருந்தால் 3,59,000. விடை முன்பே தெரிந்ததால் அதற்கேற்ற அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். அறிவியல் கண்டுபிடிப்பதற்கு முன் அந்த வரியைப் படித்து ஒளியின் வேகத்தை அறிந்தவர் எவரும் இல்லை. எந்த மறைநூலின் அறிவியலுக்கும் இந்த ஒரு சோதனை போதும்: கண்டுபிடிப்புக்கு முன் அந்த வசனத்துக்கு எழுதப்பட்ட உரைகளைத் திறந்து பாருங்கள். எழுத்துகளை எண்ணி ரகசியம் காணும் முறையும் இவ்வகையே. எபிரேய விவிலியத்தில் எழுத்துத் தாவல் முறையில் (சம இடைவெளியில் எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்து) படுகொலைச் செய்திகளைக் கண்டதாகச் சொன்னபோது, கணிதவியலர் பிரெண்டன் மெக்கே அதே முறையில் ‘மோபி டிக்’ நாவலிலும் படுகொலைச் செய்திகளைக் கண்டு காட்டினார்.

குர்ஆனைப்போல ஓர் அத்தியாயம் கொண்டுவாருங்கள் என்ற சவால் (2:23) இவற்றிலிருந்து வேறுபட்டது. பாகில்லானி, ஜுர்ஜானி போன்ற இடைக்கால அறிஞர்கள் இதன்மேல் எழுதியவை அரபு இலக்கியக் கோட்பாட்டின் சிகரங்கள். ஆனால் சான்றாக்கும்போது இரண்டு இடங்களில் இடறுகிறது. நடுவர் யார், அளவுகோல் எது என்று முன்கூட்டி வகுக்கவில்லை. இணையற்றது என்பதால் மனிதரால் ஆகாதது என்று ஆகாது. கம்பனுக்கு இணையாக இன்னொருவர் எழுதவில்லைதான். ஆரம்ப காலத்திலேயே முஃதஸிலா அறிஞர் நஸ்ஸாம், அற்புதம் நடையில் இல்லை, மனிதர் முயலாதபடி இறைவன் தடுத்ததில்தான் இருக்கிறது என்றார். நடையை வைத்து நிறுவுவது எவ்வளவு கடினம் என்று உள்ளிருந்தவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

மறைநூல்கள் பல என்பதும், அவை ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்பதும் தெரிந்ததே. அற்புதங்களைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748-இல் சொன்னதுபோல, ஒரு சமயத்தின் அற்புதம் மற்றதை மறுக்கும் சாட்சியாகவும் ஆகிறது. அடிக்கடி விடுபடும் செய்தி வேறு: சில சமயங்களின் புனித நூல்களே படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. பௌத்தமும் சமணமும் அப்படி. ‘புனித நூல் சொல்கிறது, ஆகவே உண்மை’ என்பது விதியானால், கடவுள் இல்லை என்பதற்கும் அதே விதி சான்று தரும்.

மறுபக்கத்திலும் பிழைகள் நடக்கின்றன. நூலில் முரண் இருக்கிறது, அறிவியல் பிழை இருக்கிறது, பழைய கதைகளின் சாயல் இருக்கிறது என்று காட்டிவிட்டு, ஆகவே கடவுள் இல்லை என்று முடிப்பவர்கள் தாங்களும் அறியாமல் மறைநூலுக்குப் பெரிய இடம் தருகிறார்கள். நூல் பொய்த்தால் பொய்ப்பது, அந்த நூலைப் பிழையில்லாமல் தந்த கடவுள் என்ற கருத்து மட்டுமே. நூல் எதையும் தராத கடவுளையோ, மனிதரின் பிழைபட்ட மொழி வழியே பேசும் கடவுளையோ அது தொடுவதில்லை.

வாதத்தில் மறைநூலை எங்கே வைப்பது என்பதற்கு பௌத்தக் காப்பியமான மணிமேகலை தெளிவான விதி தருகிறது. 29-ஆம் காதையில் அறவண அடிகள் தர்க்கம் கற்பிக்கும்போது, ஏதுவின் (வாதத்துக்குக் காட்டும் காரணத்தின்) குற்றங்களில் அன்னியதராசித்தம் என ஒன்றைச் சொல்கிறார்: எதிர்வாதி ஏற்காத ஒன்றை ஏதுவாகக் காட்டுவது. நம்பாதவர் முன் வசனத்தை நீட்டுவது இதற்குள் அடங்கும். அதே காதையில் ஆகம விருத்தம் என்ற குற்றமும் உண்டு: தான் ஏற்ற ஆகமத்துக்குத் தானே மாறாகப் பேசுவது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வேலைப் பிரிவினை தெரியும். ஏற்றவர்களுக்குள் ‘நம் கொள்கை என்ன’ என்ற கேள்வியில் மறைநூல் தீர்ப்புச் சொல்லலாம். ஏற்காதவரிடம் வேறு ஏது தேட வேண்டும். நடைமுறையில், ஒருவர் வசனத்தைக் காட்டினால் நான் முதலில் கேட்பது, ‘இதை வாக்குமூலமாகத் தருகிறீர்களா, தடயமாகத் தருகிறீர்களா?’ என்பதுதான். வாக்குமூலம் என்றால் சொன்னவர் எப்படி அறிந்தார் என்பது அடுத்த கேள்வி. தடயம் என்றால், எந்தத் தன்மை, அது மனிதரிடம் எவ்வளவு அரிது, மற்ற மறைநூல்களுக்கும் இதே அளவுகோலை வைப்பீர்களா என்பவை. கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான வாதங்கள் நின்றுபோகின்றன.

எல்லாச் சோதனையிலும் தேறிய ஒரு தீர்க்கதரிசனம் நாளை கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது நிறுவுவது, எதிர்காலத்தை அறிந்த ஏதோ ஒன்று அந்த நூலோடு தொடர்புடையது என்பதை. அந்த ஒன்று எல்லாம் வல்லதா, உலகைப் படைத்ததா, நல்லதா, ஒன்றா பலவா என்பதெல்லாம் இன்னும் திறந்தே இருக்கும். விவிலியத்தின் உபாகமம் 13-ஆம் அதிகாரம் இந்த இடைவெளியைத் தெரிந்தே பேசுகிறது. ஒரு தீர்க்கதரிசி அடையாளம் சொல்லி, அது அப்படியே நடந்தாலும், அவன் வேறு தெய்வங்களைப் பின்பற்று என்றால் கேட்காதே என்கிறது. நடந்துவிட்ட அடையாளத்தையும் வேறொரு அளவுகோலால் சோதிக்கச் சொல்கிறது அந்த வசனம்; அந்த அளவுகோல் எங்கிருந்து வருகிறது என்பதே இந்த விவாதத்தில் இன்னும் மிச்சமிருக்கும் கேள்வி.